பைன் பலகைக்குச் சாயம்: டின்னா, டிகாக்‌ஷனா, கடுக்காயா?

ஏற்காட்டில் தங்கை வீட்டுத் திண்ணைக்கு ஒரு பெஞ்ச், சேலத்தில் என் வீட்டுக்கு ஒரு ஷெல்ஃப். இரண்டுக்கும் ஒரே மரம்தான். இறக்குமதிச் சரக்கை அடுக்கி வந்த மரத்தட்டை, அதாவது பேலட்டைப் பிரித்து, காயலான் கடையில் எடைக்குப் போட்ட பைன் பலகை. வாங்கும்போது முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். எச்.டி. என்றிருந்தால் பலகையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்து எடுத்தது என்று அர்த்தம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ரம்பப் பல் இழுத்த கோடும் ஆணி ஓட்டையும் அப்படியே தெரிய வேண்டும் என்பது என் ஆசை. அதனால் இழைப்புளி எடுக்கவில்லை. கம்பி பிரஷால் ஒரு தேய், சிலாம்பு குத்தாமலிருக்க 80 நம்பர் உப்புத்தாளில் ஒரு தேய், அவ்வளவுதான். வில்லங்கம் அதற்கப்புறம் வந்தது.

பைனில் அகலமான வெளிர் வரி பஞ்சு மாதிரி. ஒடுங்கிய செவ்வரி கெட்டி, பிசின் ஏறியது. சாயத்தை வெளிர் வரி மடமடவென்று குடிக்கும், செவ்வரி தள்ளிவிடும். காய்ந்த பிறகு பார்த்தால் வெளிர் கறுத்திருக்கும், கறுப்பு வெளுத்திருக்கும், பழைய ஃபிலிம் சுருளைத் தூக்கிப் பார்த்த மாதிரி. எதைப் பூசினாலும் இது கொஞ்சம் உண்டு. எது அதை அசிங்கமாக்காது என்பதுதான் கேள்வி.

முதலில் தின்னர் கலந்த டின் ஸ்டெயின். கடையில் கேட்டால் இதைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். சேலத்து ஏப்ரல் வெயிலில் இது எனக்கு ஒத்துவரவில்லை. முதல் இழுப்பு காய்ந்து, இரண்டாவது இழுப்பு அதன்மேல் ஏறி, பலகை முழுக்கப் பட்டை பட்டையாக விழுந்தது. பார்த்த ஆசாரியண்ணன், “பைன் பஞ்சுங்க தம்பி. முதல்ல அரக்கைத் தண்ணியாக் கரைச்சு ஒரு கோட்டு குடுங்க, பசி அடங்கட்டும், அப்புறம் கலர் ஊத்துங்க” என்றார். அவர் சொன்னபடி செய்ததும் திட்டு பெருமளவு அடங்கியது. ஆனால் ரம்பக் கோட்டுக்குள் நிறத்தூள் போய் உட்கார்ந்துகொள்கிறது. சிலருக்கு அது பிடிக்கும். எனக்குச் சாக்பீஸ் அப்பிய மாதிரி இருந்தது.

எண்ணெய் ஸ்டெயின் நிதானமானது. பூசிப் பத்து நிமிடம் விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுக்க நேரம் கொடுக்கும். சேலத்துக்கு இதுவே சரி. ஷெல்ஃபுக்கு இதைத்தான் கடைசியில் வைத்துக்கொண்டேன். அதே டின்னை ஏற்காட்டுக்குக் கொண்டுபோய் ஒரு துண்டுப் பலகையில் பூசினேன். 1,500 மீட்டர் உயரம், காலையில் ஜன்னலுக்குள் பனி வருகிற வீடு. நான்கு நாளாகியும் கை ஒட்டியது. இன்னொன்று: ஆளிவிதை எண்ணெய் சேர்ந்த ஸ்டெயினைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்குங்கள்.

“ஊரே காபித் தோட்டம், டிகாக்‌ஷன்லயே பூசிரலாமேண்ணா” என்றாள் தங்கை. பூசினோம். வாசனைக்குக் குறைவில்லை. கெட்டி டிகாக்‌ஷனில் நான்கு கோட்டு கொடுத்தும் பழைய தினத்தாள் நிறம்தான் வந்தது. வெயில் பட்டால் அதுவும் வெளுக்கும். போட்டோ சட்டத்துக்குச் சரி, பெஞ்சுக்கு ஆகாது. கார் எஞ்சினிலிருந்து வடித்த கழிவு எண்ணெயைப் பூசச் சொல்கிறவர்களும் உண்டு. வேலிக்கம்பத்துக்கே நான் பூசமாட்டேன், உட்காருகிற பலகைக்கா?

பெஞ்சுக்கு ஜெயித்தது கடுக்காயும் இரும்பும். கலம்காரித் துணியில் கறுப்பு வருகிற வழிதான் இது: துவர்ப்புச் சத்து (டானின்) ஏறிய இடத்தில் இரும்புக் கரைசல் பட்டால் கறுக்கும். பைனில் துவர்ப்பு மிகக் குறைவு, அதனால் நாம்தான் ஏற்ற வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் 50 கிராம் கடுக்காய்த் தூள் வாங்கி, அரை லிட்டர் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டி, பலகையில் பூசிக் காயவிட்டேன்.

இரும்புக் கரைசலில்தான் ஏமாந்தேன். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை வினிகரில் மூன்று நாள் ஊறவைத்தேன். போட்டது போட்டபடி பளபளவென்று கிடந்தது. அது ஸ்டெயின்லெஸ். அதையே தயாரிக்கிற இரும்பாலை இருக்கிற ஊரில் பிறந்துவிட்டு இது தோன்றவில்லை பாருங்கள். அப்புறம் லேத் பட்டறையில் சாதா இரும்புச் சுருளை ஒரு கை அள்ளி வந்து, சோப்புப் போட்டு எண்ணெய் போகக் கழுவி, வினிகரில் போட்டேன். குமிழ் விடும், மூடியை இறுக்கக் கூடாது.

மூன்றாம் நாள் வடிகட்டிப் பூசினால், முதலில் ஒன்றுமே ஆகாது. வெறும் தண்ணீர்தான். பிரஷை வைத்துவிட்டுத் திரும்பினால் ஓரத்திலிருந்து சாம்பல் ஏறும், பிறகு நீலம், பத்து நிமிடத்தில் மழையில் நனைந்த பழைய ஓட்டுச் சட்டத்தின் கறுப்பு. நிறத்தூளே இல்லாததால் ரம்பக் கோடு ஒவ்வொன்றும் தெரிந்தது. கறுப்பு அதிகம் வேண்டாதவர்கள் இரும்புத் தண்ணீரை ஒன்றுக்கு மூன்றாக நீர்க்கவைத்தால் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். கையுறை அவசியம். என் நகங்கள் ஒரு வாரம் கறுப்பாக இருந்தன, அந்த வாரம் ஒரு கல்யாணம் வேறு.

நன்றாகக் காய்ந்த பிறகு மேலே வார்னிஷ் வேண்டும், இல்லாவிட்டால் உட்காருகிறவர் வேட்டியில் ஒட்டும். பெஞ்சின் இடது காலருகே மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குச் சாயம் ஏறாத மரம் தெரிகிறது. அங்கே பசை வழிந்ததை நான் பார்க்கவில்லை. பசை இருந்தால் டின்னும் ஏறாது, கடுக்காயும் ஏறாது. அடுத்த முறை மலையேறும்போது உளியும் மிச்சக் கடுக்காயும் எடுத்துப்போக வேண்டும்.