சாவியைத் திருப்புவதற்கு முன்: செல்ஃப் ஸ்டார்ட் பெட்ரோல் ஜெனரேட்டர், ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கயிறு இழுத்து இயக்கும் ஜெனரேட்டரோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய பிறகு, சாவியைத் திருப்பினால் இயங்கும் நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி ஓராண்டு ஆகிறது. தோள்பட்டைத் தேய்மானம் உள்ள என் மனைவி யாருடைய துணையுமின்றி அதை இயக்க வேண்டும் என்பதற்காகவே வாங்கினேன். அந்த நோக்கம் முழுமையாக நிறைவேறியிருக்கிறது.

குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் காக்கைத் திறந்து, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் சோக்கை மூடி, சாவியைத் திருப்பினால் இரண்டு மூன்று நொடிகளில் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. சூடு ஏற ஏற சோக்கைச் சிறிது சிறிதாகத் திறந்துவிட வேண்டும். இயங்கி நின்ற சூடான எஞ்சினுக்குச் சோக்கே தேவையில்லை. கயிறு எதிர்த்து வெட்டி இழுத்து மணிக்கட்டைப் பதம் பார்க்கும் அச்சம் இப்போது இல்லை. அமெரிக்கப் பொறியாளர் சார்ல்ஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் 1912-இல் கேடிலாக் கார்களில் இடம்பெற்றபோது, கைப்பிடியைச் சுழற்றிக் கார் கிளப்பியவர்களும் இத்தகைய நிம்மதியையே உணர்ந்திருப்பார்கள். பேட்டரி இறங்கிவிட்டால் கைகொடுக்கக் கயிறும் இருப்பது நல்ல ஏற்பாடு.

குறை என்று நான் முதலில் சொல்வது எச்சரிக்கை விளக்கின் இடத்தைத்தான். ஆயில் குறைந்தாலோ, இயந்திரம் சாய்வான தரையில் நின்றாலோ, உள்ளிருக்கும் சென்சார், பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க்கைத் துண்டித்துவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அதைத் தெரிவிக்கும் விளக்கு, சாவியருகே நிற்பவர் கண்ணில் படாதபடி மறுபக்கத்தில் இருக்கிறது. முதல் வாரத்தில் இதை அறியாமல் சாவியை விடாமல் திருப்பிப் பிடித்திருந்தேன். ஸ்டார்ட்டர் மோட்டார் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறிவிட்டது. இச்சிறிய மோட்டார்கள் மிகுந்த மின்னோட்டத்தை இழுத்துச் சில நொடிகள் மட்டும் உழைப்பதற்காகச் செய்யப்பட்டவை. ஆகவே ஒரு முறைக்கு 5 நொடிக்கு மேல் திருப்பாமல், ஒரு நிமிடமாவது ஆறவிட்டு அடுத்த முறை முயல வேண்டும். மூன்று முறைக்கும் பிடிக்காவிட்டால் ஆயில், பெட்ரோல், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றைப் பார்ப்பதே முறை. ஐந்து நொடியில் தானே துண்டிக்கும் ஏற்பாட்டைத் தயாரிப்பாளர் சேர்த்திருக்க வேண்டும்.

பேட்டரி 12 வோல்ட். முழுச் சார்ஜில், ஓய்வு நிலையில் 12.6 வோல்ட் அளவில் காட்டுகிறது. எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் சார்ஜ் மெதுவானது என்பதால், பல வாரம் ஓட்டாமல் வைத்தால் தனிச் சார்ஜர் அவசியமாகிறது. சாவியைத் திருப்பும்போது 'டிக் டிக்' என்ற ஒலி மட்டும் வந்தால், பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும் அல்லது வயர் மாட்டும் டெர்மினலில் அரிப்புப் பொடி பூத்திருக்கும்.

இயக்குவது இவ்வளவு எளிதானபின், இருக்கும் இடத்திலேயே சாவியைத் திருப்பிவிடும் ஆசை வருகிறது. என் உண்மையான கவலை அதுதான். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. கதவைத் திறந்துவைத்த கொட்டகைகூடப் போதாது. வெட்டவெளியில், கதவு, சன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்க்கும்படி வைத்தே இயக்குகிறோம். பெட்ரோலை எஞ்சின் ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்குவது. செல்ஃப் ஸ்டார்ட்டில், ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான ரிலேவும் டெர்மினலும்கூடத் தீப்பொறி எழுப்பக்கூடும். எனவே பெட்ரோல் சிந்தினால் துடைத்து, வாடை முற்றிலும் அகன்ற பிறகே சாவியைத் தொடலாம். மின்சாதனங்களின் பிளக்குகளைக் கழற்றிவிட்டு இயக்கி, எஞ்சின் சீரான பிறகு இணைப்பதும் எங்கள் வழக்கம்.

பராமரிப்பில், கயிறு மாடலுக்குத் தேவைப்படாத ஒரு கவனம் இதற்குத் தேவை: நாம் குனிந்து வேலை செய்யும்போது வேறொருவர் சாவியைத் திருப்பிவிட்டால் எஞ்சின் சுழன்றுவிடும். ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்குவது மட்டும் போதாது, ஸ்டார்ட்டர் அப்போதும் சுற்றும். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்ற வேண்டும். வேலை முடிந்ததும் அதையே கடைசியாக மாட்ட வேண்டும். இந்த மாடலில் அந்தப் போல்ட்டுக்கு எளிதாக ஸ்பேனர் போகும்படி இடம் விட்டிருக்கிறார்கள். அதற்காகத் தயாரிப்பாளரை மனதாரப் பாராட்டுகிறேன்.