எச்சரிக்கை: பங்கு வாங்கும் ஆப்பில் நீங்கள் தொடாமல் விட்ட பெட்டிகள்

ஆன்லைனில் முதன்முறையாகப் பங்கு வாங்கிய ஒருவர் "ஆப் என்னை ஏமாற்றிவிட்டது" என்று சொன்னால், எந்தப் பங்கு என்று கேட்பதற்கு முன் ஆர்டர் போட்ட திரையின் ஸ்கிரீன்ஷாட்டைக் கேளுங்கள். பல நேரம் பங்கு அதே விலையில்தான் நிற்கும், பணம் மட்டும் குறைந்திருக்கும். அவர் கை வைக்காமல் விட்ட ஏதோ ஒரு பெட்டியில் ஆப் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருக்கும். சட்டப்படி அது அவருடைய தேர்வு. புகார் கொடுத்தாலும் "வாடிக்கையாளர் உறுதி செய்த ஆர்டர்" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். அந்தப் பெட்டிகளை முதலில் பார்த்துவிடுவோம். ஆப்பே போலியான வழக்குகள் வேறு ரகம், அவை பின்னால் வருகின்றன.

முதல் பெட்டி, ஆர்டர் வகை. பல ஆப்களில் இது "மார்க்கெட்" என்றே திறக்கும், அதாவது கிடைக்கிற விலைக்கு உடனே வாங்கு என்று. பெரிய எழுத்தில் தெரியும் விலை, கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. அதே விலைக்கு உங்களுக்கு விற்க இப்போது யாராவது இருக்கிறார்களா, எத்தனை பங்கு வைத்திருக்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. அதற்கு "மார்க்கெட் டெப்த்" என்ற பகுதியைத் திறக்க வேண்டும். பெரும்பாலும் அது இரண்டு தட்டு உள்ளே ஒளிந்திருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். திரையில் விலை 100. விற்பவர்கள் வரிசையில் 100-க்கு 60 பங்கு, 100.40-க்கு 90, 101.20-க்கு 150, 103-க்கு 200 இருக்கிறது. எதிர்ப்பக்கம், வாங்குபவர்களில் அதிக விலை சொல்பவர் 99.60-இல் நிற்கிறார். நீங்கள் 500 பங்குக்கு மார்க்கெட் ஆர்டர் தட்டினால் அது நான்கு படியையும் வழித்துக்கொண்டு போகும். மொத்தச் செலவு 50,816, சராசரி விலை 101.63. தவறாகத் தட்டிவிட்டோம் என்று அடுத்த நொடியே விற்றால் 99.60தான் கிடைக்கும், அதுவும் அந்த விலையில் போதிய ஆள் இருந்தால். கிட்டத்தட்ட 2 சதவீதம் காணோம். சந்தை அசையவில்லை, செய்தி எதுவும் வரவில்லை, எந்த ரசீதிலும் இது கட்டணமாக வராது.

இதே இடத்தில் 100.40 என்று லிமிட் (அதற்கு மேல் விலை கொடுக்காதே என்ற ஆர்டர்) போட்டிருந்தால் 150 பங்கு கிடைத்திருக்கும், மீதி 350 வரிசையில் காத்திருக்கும். அன்றைக்கு மட்டும் செல்லும் ஆர்டர் என்றால் மாலையில் மீதி ரத்தாகும். மறுநாள் திரும்பப் போட்டால் சில புரோக்கர்கள் குறைந்தபட்சக் கட்டணத்தை இன்னொரு முறை எடுப்பார்கள். லிமிட்டிலும் இப்படி ஒரு செலவு இருக்கிறது, இருந்தாலும் அது எவ்வளவு என்று முன்பே தெரியும். வியாபாரம் குறைவாக நடக்கும் பங்கு, புதிதாகப் பட்டியலான பங்கு, சந்தை திறந்த முதல் சில நிமிடங்கள், இந்த மூன்றிலும் மார்க்கெட் ஆர்டர் போடவே கூடாது என்பது என் கருத்து. சந்தை மூடியிருக்கும் இரவில் உட்கார்ந்து மார்க்கெட் ஆர்டர் போட்டுவிட்டுத் தூங்குவது இன்னும் மோசம். காலையில் திறக்கும்போது என்ன விலையோ அதற்குத்தான் அது நிறைவேறும்.

அடுத்தது ஸ்டாப் லாஸ், விலை இறங்கினால் தானாக விற்கச் சொல்லி வைக்கும் ஆர்டர். "90-இல் ஸ்டாப் போட்டிருந்தேன், 81-க்கு விற்றுவிட்டார்கள்" என்ற புகார் ஓயாமல் வரும். இதில் மோசடி இல்லை, பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது. சாதாரண ஸ்டாப் ஆர்டரில் 90 என்பது விற்பனையைத் தூண்டும் விலை. விலை 90-ஐத் தொட்டதும், அல்லது அதைத் தாண்டிக் கீழே திறந்ததும், அது மார்க்கெட் ஆர்டராக மாறும். நேற்று 95-இல் மூடிய பங்கு இன்று மோசமான காலாண்டு முடிவோடு 81-இல் திறந்தால் 81-ஐ ஒட்டித்தான் விற்கும். 2015 ஆகஸ்ட் 24 காலை அமெரிக்கச் சந்தையில் நடந்தது இதன் பெரிய வடிவம். அன்று 471 இடிஎஃப் (பல பங்குகளைக் கூட்டாக வைத்து, பங்கு போலவே சந்தையில் விற்கப்படும் நிதி), பங்குகளில் மொத்தம் 1,278 முறை வர்த்தகம் நிறுத்தப்பட்டது. இடிஎஃப்கள் பலவற்றின் விலை அவை வைத்திருந்த பங்குகளின் மதிப்பைவிட வெகு கீழே போய், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. அந்த இடைவெளியில் ஸ்டாப் தூண்டப்பட்டவர்கள் அடிமட்ட விலைக்கு விற்றுவிட்டு நின்றார்கள். 2016 பிப்ரவரியிலிருந்து நியூயார்க் பங்குச் சந்தை புதிய ஸ்டாப் ஆர்டர்களை வாங்குவதையே நிறுத்தியது. புரோக்கர்கள் தங்கள் கணினியில் அந்த வசதியைத் தொடர்ந்து தந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஸ்டாப் லிமிட் என்று இன்னொன்று உண்டு. 90-இல் தூண்டி, 88-க்குக் கீழே விற்காதே என்று சொல்லலாம். விலை நேராக 81-இல் திறந்தால் இது விற்கவே விற்காது, நீங்கள் விழும் பங்கோடு உள்ளேயே இருப்பீர்கள். இரண்டில் எந்தத் தொல்லையைத் தாங்க முடியும் என்பதை ஆர்டர் போடும்போதே முடிவு செய்யுங்கள். ஆப் இரண்டையும் "ஸ்டாப்" என்ற ஒரே தலைப்பில் வைத்திருந்தால், உறுதி செய்யும் திரையில் ஒரு விலை இருக்கிறதா இரண்டு விலை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இருந்தால் ஸ்டாப் லிமிட்.

இனி, அதிகப் பணம் போகும் பெட்டி. நீங்கள் வாங்குவது பங்கா, பங்கின் மீதான பந்தயமா? சில தளங்களில் ஒரே நிறுவனப் பெயர், ஒரே பச்சைப் பொத்தான், பக்கத்தில் சின்னதாக "x5" என்றிருக்கும். அதைத் தொட்டால், சில இடங்களில் தொடாமல் விட்டாலே, உங்கள் கைக்கு வருவது சிஎஃப்டி என்ற விலை வித்தியாச ஒப்பந்தம். பங்கு உங்கள் பெயரில் எங்கும் பதிவாகாது, ஓட்டுரிமை கிடையாது, வேறு புரோக்கருக்கு மாற்ற முடியாது.

5 மடங்கு என்றால் என்ன? 1,000 போட்டால் 5,000 மதிப்புக்கு நிலை (ஒப்பந்தம்) திறக்கிறது. பங்கு 10 சதவீதம் விழுந்தால் நஷ்டம் 500, போட்டதில் பாதி. ஐரோப்பிய விதிப்படி, தேவையான மார்ஜினில் (நீங்கள் போட வேண்டிய முன்பணம், இங்கே 1,000) பாதிக்குக் கையிருப்பு இறங்கும்போது நிலையை மூடத் தொடங்க வேண்டும். ஆக, ஏறக்குறைய 10 சதவீத இறக்கத்திலேயே உங்களை வெளியே தள்ளிவிடுவார்கள். மறுநாள் பங்கு பழைய விலைக்கு வந்தாலும் உங்களுக்குப் பயனில்லை. விழாமல் அப்படியே நின்றாலும் செலவு ஓடும். இரவு தாண்டி வைத்திருப்பதற்கான வட்டி 5,000-க்குத்தான் கணக்காகும். ஆண்டுக்கு 7 சதவீதம் என்று வைத்தால் 350. நீங்கள் போட்ட 1,000-இல் அது 35 சதவீதம்.

ஐரோப்பியக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்மா 2018-இல் தனிப்பங்குகளுக்கு 5 மடங்குதான் உச்சம் என்று வரம்பு போட்டபோது, சிஎஃப்டி கணக்கு வைத்திருக்கும் சாதாரண முதலீட்டாளர்களில் 74 முதல் 89 சதவீதம் பேர் நஷ்டப்படுகிறார்கள் என்ற கணக்கைக் காரணமாகக் காட்டியது. தளங்கள் தங்கள் சொந்த நஷ்டச் சதவீதத்தை விளம்பரத்திலேயே போட வேண்டும் என்ற விதியும் அப்போது வந்ததுதான். ஆகவே ஒரு தளத்தின் அடியில் "சில்லறைக் கணக்குகளில் இத்தனை சதவீதம் பணத்தை இழக்கின்றன" என்று ஒரு வரி தெரிந்தால், அங்கே சிஎஃப்டி விற்கிறார்கள் என்று பொருள். ஒவ்வொரு ஆர்டரிலும் மடங்கு 1 என்றிருக்கிறதா என்று பார்த்த பிறகே தட்டுங்கள்.

புரோக்கரிடம் கடன் வாங்கிப் பங்கு வாங்கும் மார்ஜின் கணக்கும் இதற்குத் தம்பிதான். கணக்குத் திறக்கும் படிவத்தில் "கேஷ்", "மார்ஜின்" என்று இரண்டு இருந்தால் கேஷ் எடுங்கள். மார்ஜினில் கடன் அளவு எல்லை மீறினால் புரோக்கர் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லாமலே விற்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். எந்தப் பங்கை விற்பது என்பதும் அவர்கள் முடிவு.

கட்டணம் பற்றி இரண்டு விஷயம் போதும். குறைந்தபட்சக் கட்டணம் 5 என்றால் 200-க்கு வாங்கி விற்பவருக்கு வர, போக 10 செலவு. பங்கு 5 சதவீதம் ஏறினால்தான் அசல் தேறும். வெளிநாட்டுப் பங்கில் நாணய மாற்றுக்கும் ஒரு வெட்டு உண்டு, அது கட்டணப் பட்டியலில் இல்லாமல் மாற்று விகிதத்துக்குள் இருக்கும். அன்றைய சந்தை விகிதத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். "கமிஷன் பூஜ்யம்" என்பதும் அப்படித்தான். 2020 டிசம்பரில், கமிஷன் இல்லாத பங்கு ஆப் நடத்தும் ராபின்ஹுட் நிறுவனத்தின் மீது அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்இசி வைத்த குற்றச்சாட்டைப் படித்துப் பாருங்கள். வாடிக்கையாளர்களின் ஆர்டர்களை வாங்கும் நிறுவனங்கள் தரும் பணம்தான் தன் பெரிய வருமானம் என்பதைச் சரியாகச் சொல்லவில்லை, கமிஷன் மிச்சத்தைக் கழித்த பிறகும் மட்டமான விலையால் வாடிக்கையாளர்கள் 3.41 கோடி டாலர் இழந்தார்கள் என்றது எஸ்இசி. குற்றத்தை ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ செய்யாமல் அந்த நிறுவனம் 6.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

ஒரு நாள் காலையில் ஆப்பைத் திறந்தால் 75 சதவீத நஷ்டம் என்று சிவப்பில் தெரிகிறதா? விற்காதீர்கள். முதலில் பங்கு பிரிப்பு நடந்ததா என்று நிறுவனத்தின் அறிவிப்பைப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 31 அன்று ஆப்பிள் ஒரு பங்கை நான்காகப் பிரித்தது. விலை கால்வாசி ஆகும், எண்ணிக்கை நான்கு மடங்கு ஆகும், மதிப்பு அதேதான். விலை உடனே மாறி, கூடுதல் பங்குகள் கணக்கில் ஏறத் தாமதமானால் நடுவில் இந்தச் சிவப்பு எண் வரும். பழைய விலையில் போட்டு வைத்த லிமிட், ஸ்டாப் ஆர்டர்கள் என்ன ஆயின என்பதையும் அன்றே பாருங்கள். சில புரோக்கர்கள் ரத்து செய்வார்கள், சிலர் விகிதப்படி மாற்றுவார்கள்.

விற்ற பணம் உடனே வங்கிக்கு வரவில்லை என்பது பெரும்பாலும் குற்றம் இல்லை. இந்தியாவில் 2023 ஜனவரியிலிருந்தும் அமெரிக்காவில் 2024 மே 28-இலிருந்தும் வியாபாரம் நடந்த மறு வேலைநாளில்தான் கணக்குத் தீர்கிறது. அதன் பிறகும் நாள் கடந்துகொண்டே போனால் எழுதிக் கேளுங்கள்.

இவ்வளவும் அசல் புரோக்கரிடம் நடப்பவை. போலித் தளத்தில் ஆர்டர் வகை பார்த்து ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அங்கே ஆர்டர் எங்கும் போவதில்லை. திரையில் தெரிவது வெறும் படம். வழி ஏறக்குறைய ஒன்றுதான். வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். அங்கே ஏற்கெனவே லாபம் பார்த்தவர்கள் நன்றி சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஆப் ஸ்டோருக்கு வெளியே ஒரு லிங்க் வரும். "நிறுவன ஒதுக்கீட்டில்" சந்தை விலைக்குக் கீழே பங்கு, கட்டாயம் கிடைக்கும் ஐபிஓ (நிறுவனம் முதன்முதலாகப் பொதுமக்களுக்கு விற்கும் பங்கு) என்பார்கள். பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு ஒவ்வொரு முறையும் வேறு பெயரில் இருக்கும், சில நேரம் தனிநபர் பெயரிலேயே இருக்கும். முதலில் ஒரு சிறு தொகையை எடுக்க விடுவார்கள். நம்பிக்கை வைக்க வைக்கும் செலவு அது. பெரிய தொகையை எடுக்கப் போகும்போது "வரி கட்டினால்தான் விடுவிப்போம்" என்று தனியாகப் பணம் கேட்பார்கள்.

இந்தக் கடைசி அடையாளம் ஒன்றே போதும். அசல் புரோக்கர் தனக்குச் சேர வேண்டியதைக் கையிருப்பிலிருந்தே கழித்துக்கொள்வார். உங்கள் பணத்தை எடுக்க நீங்கள் புதிதாகப் பணம் அனுப்ப வேண்டும் என்றால் அங்கே உங்கள் பணம் இல்லை.

உரிம எண்ணைக் காட்டுகிறார்களே என்பார்கள் பலர். அசல் நிறுவனத்தின் எண்ணையே திருடிப் போடுவது வழக்கம், பிரிட்டனின் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்சிஏ இவற்றை "குளோன்" (நகல்) நிறுவனங்கள் என்கிறது. எண் சரியா என்று மட்டும் பார்ப்பது போதாது. கட்டுப்பாட்டு அமைப்பின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்து பதிவேட்டைத் திறங்கள். அதில் அந்த நிறுவனத்துக்கு எழுதியிருக்கும் இணைய முகவரியை, நீங்கள் பயன்படுத்துவதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிறகு பதிவேட்டில் உள்ள தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிட்டு, உங்களோடு பேசுபவர் அங்கே வேலை செய்கிறாரா என்று கேளுங்கள். குழுவில் தந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும்.

ஏற்கெனவே பணம் போட்டுவிட்டவர்கள், முதலில் இன்னொரு பைசா அனுப்பாதீர்கள். உடனே உங்கள் வங்கியைக் கூப்பிட்டுப் பரிமாற்ற எண்ணோடு மோசடி என்று சொல்லுங்கள், பெறும் கணக்கை முடக்க முடிவது ஆரம்ப மணி நேரங்களில்தான். குழுவிலிருந்து வெளியேறும் முன் உரையாடலை ஏற்றுமதி செய்து வையுங்கள், அவர்கள் தூக்கிவிட்டால் எதுவும் மிஞ்சாது. அவர்கள் சொல்லித் திரைப் பகிர்வு ஆப் போட்டிருந்தால், வேறொரு சாதனத்திலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள். அதன் பிறகே சைபர் குற்றப் பிரிவுக்குப் புகார்.

அசல் புரோக்கர் மீதான புகாருக்கு வேறு காகிதம் வேண்டும். காண்ட்ராக்ட் நோட் (புரோக்கர் தரும் வியாபார விவரச் சீட்டு), ஆர்டர் எண், போட்ட நேரம், நிறைவேறிய நேரம், அந்த நிமிடத்தில் சந்தையில் நடந்த விலை ஆகியவை. ஆப் முடங்கியதால் நஷ்டம் என்றால், பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டில் மணி தெரிய வேண்டும். தொலைபேசியில் ஆர்டர் கொடுக்க முயன்றீர்களா என்றும் கேட்பார்கள், அழைப்புப் பதிவை அழிக்காதீர்கள். முதல் புகார் புரோக்கருக்கு, எழுத்தில், புகார் எண்ணோடு. அந்தப் பதிலோ பதில் வராத நாள் கணக்கோ இல்லாமல் மேல் அமைப்பு பொதுவாக மனுவை எடுக்காது.

போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று சில வாரம் கழித்து ஒரு அழைப்பு வரும். நீங்கள் இழந்த தொகை அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கும், ஏனென்றால் ஏமாந்தவர்களின் பட்டியலை விற்றதே பழைய மோசடி ஆட்களாக இருக்கலாம். அவர்களும் முன்கட்டணம் கேட்பார்கள்.