குழந்தைக்குக் கார் இருக்கை வாங்கப் போகிறவர்களுக்கு: காரில் பொருத்திப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

எங்கள் மகளுக்கு மூன்று மாதம் முடிந்திருந்தபோது, அவளை முன்பக்கம் பார்த்தபடி ஓர் இருக்கையில் கட்டி, பொள்ளாச்சியிலிருந்து, கேரள எல்லைக்குள் பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் வீடு இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கு நானே கார் ஓட்டி வந்தேன். மூன்று மாதக் குழந்தை முன்பக்கம் பார்த்து உட்காரவே கூடாது. அது அன்று எனக்குத் தெரியாது. இருக்கையை விற்றுப் பொருத்தித் தந்தவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிரசவத்துக்கு மனைவி பொள்ளாச்சியில் தாய்வீட்டில் இருந்தாள். குழந்தையோடு வீடு திரும்ப நாள் குறித்தாகிவிட்டது. அது 2024 நவம்பர். அதற்கு முந்தைய மாதம்தான் கேரளப் போக்குவரத்து ஆணையர், கார்களில் குழந்தைகளுக்குத் தனி இருக்கை வேண்டும், டிசம்பர் முதல் அபராதம் உண்டு என்று அறிவித்திருந்தார். சில நாள்களிலேயே போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ் குமார், கட்டாயப்படுத்தி அபராதம் வசூலிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டாவது செய்தி எங்கள் பக்கத்துக்கு வந்த அளவுக்கு எல்லைக்கு அந்தப் பக்கக் கடைகளுக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் அவர்கள் அதைச் சொல்ல விரும்பவில்லை. கோயம்புத்தூரில் குழந்தைப் பொருள்கள் விற்கும் ஒரு பெரிய கடையில், என் வண்டியின் கேரளப் பதிவெண்ணைப் பார்த்ததுமே விற்பனையாளர், “செக்போஸ்ட்டிலேயே பிடிப்பார்கள் சார்” என்றுதான் பேச்சைத் தொடங்கினார்.

பயமுறுத்த வேண்டிய தேவையே இல்லை. நான் வாங்கும் எண்ணத்தோடுதான் போயிருந்தேன். 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குக் கீழுள்ள குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. ஆனால் எனக்கு அபராதம் பெரிதாகத் தெரியவில்லை. பள்ளியில் படித்த இயற்பியல் போதும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருப்பவர் தம் எடையைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். ஐந்து கிலோக் குழந்தை அந்தக் கணத்தில் நூறு கிலோ. எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. “நான் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன், மாப்பிள்ளை” என்று அத்தை சொன்னபோது இதைத்தான் அவரிடம் விளக்கினேன்.

என்னுடையது 2017 மாடல் சிறிய கார். பின்னிருக்கையில் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள், அதாவது சீட் பெல்ட் இல்லாமலே குழந்தை இருக்கையைக் காரின் உடலோடு மாட்டும் வளையங்கள், இல்லை. ஆகவே எந்தக் குழந்தை இருக்கையானாலும் காரின் சீட் பெல்ட்டால்தான் கட்ட வேண்டும். இதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொன்னேன். அவர் காட்டியது, பிறந்ததிலிருந்து 18 கிலோ வரை பயன்படும் என்று சொல்லப்பட்ட இருக்கை. விலை 7,200 ரூபாய். பெட்டி இல்லை. “காட்சிக்கு வைத்திருந்த ஒன்றுதான் மிச்சம், நேற்றுதான் பிரித்தோம்” என்றார். கையேடு கேட்டதற்கு, நாங்களே பொருத்தித் தரும்போது கையேடு எதற்கு என்றார்.

வாகன நிறுத்தத்தில் அவர் செய்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் ஏமாற்று அங்கேதான் நடந்தது. முதலில் இருக்கையைச் சரியாகவே வைத்தார். குழந்தை காரின் பின்புறம் பார்க்கும்படி, முதுகு முன்பக்கம் இருக்கும்படி. இடுப்புப் பட்டையைக் குழந்தையின் கால்பக்கம் குறுக்கே போட்டு, தோள்பட்டையை இருக்கையின் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்தார். பக்கிளுக்கு நான்கு விரல் தூரம் இருக்கும்போதே பெல்ட் முடிந்துவிட்டது. சிறிய கார்களில் பின்னிருக்கை பெல்ட் நீளம் குறைவாக இருப்பது புதிதல்ல. பெல்ட்டால் கட்டும் குழந்தை இருக்கை பின்பக்கம் பார்த்திருக்கும்போது நிறைய நீளத்தைத் தின்னும். இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு, முன்னிருக்கையில் பெல்ட் நீளம், அங்கே வைத்துவிடலாம் என்றார்.

என் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். அந்த ஆண்டு செப்டம்பரில், மலப்புறம் மாவட்டத்தில் முன்னிருக்கையில் தாயின் மடியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை ஏர்பேக் விரிந்ததில் உயிரிழந்த செய்தி அவள் மனத்தில் இருந்தது. எங்கள் காரில் அந்தப் பக்கமும் ஏர்பேக் உண்டு. பின்பக்கம் பார்த்த இருக்கையை இயங்கும் ஏர்பேக்கின் எதிரே வைத்தால், அது விரியும் வேகம் நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னாலுள்ள இருக்கையின் பிளாஸ்டிக் ஓட்டில்தான் அடிக்கும். அவள் முடியாது என்றாள். நல்லவேளை.

அதற்குப் பிறகு அவர் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. இருக்கையைத் தூக்கித் திருப்பி, முன்பக்கம் பார்த்தபடி வைத்தார். அப்படி வைத்தால் பெல்ட் இருக்கையின் முதுகுக்குப் பின்னால் நேராகப் போகும், நீளம் தாராளமாகப் போதும். ‘டக்’ என்று மாட்டினார். “இந்தக் காருக்கு இப்படித்தான் வரும். குழந்தையும் உங்களைப் பார்த்துக்கொண்டே வரும்” என்றார். பொருத்தும் கூலி 500 ரூபாய் தனி. பில்லில் அதை எழுதவில்லை.

அந்த நிமிடத்தில் அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. இந்த இருக்கை உங்கள் காருக்கு ஆகாது என்று சொல்லி ஒரு விற்பனையை இழப்பது ஒன்று. திருப்பி வைத்து விற்பது மற்றொன்று. முதல் முயற்சியிலேயே சரியான திசையில் வைத்த மனிதருக்கு எது சரி என்று தெரியாமலிருக்க வாய்ப்பில்லை. என்னால் மன்னிக்க முடியாதது அதுதான்.

மறுநாள் கோபாலபுரம் தாண்டி நாட்டுக்கல் நோக்கி வந்துகொண்டிருந்தோம். செக்போஸ்ட்டில் யாரும் எங்களை நிறுத்தவில்லை. தென்னந்தோப்பு ஒன்றிலிருந்து தேங்காய் லாரி திடீரெனச் சாலையில் ஏறியது. மோதல் எதுவும் இல்லை, பிரேக்கைச் சற்று அழுத்தமாக மிதித்தேன், அவ்வளவுதான். பின்னால் இருக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குழந்தையின் தலை முன்னால் விழுந்து, தாடை நெஞ்சில் முட்டியபடி நின்றுவிட்டது. ஒரு முறை அழுதாள், பிறகு சத்தமில்லை. என் மனைவி, குழந்தையை இருக்கையோடு கட்டியிருந்த வாரை அவிழ்த்துத் தலையைத் தூக்கிப் பிடித்த பிறகுதான் மூச்சை இழுத்து மறுபடி அழுதாள். அந்தச் சில நொடிகளை நான் எழுத விரும்பவில்லை.

பாலக்காட்டில் குழந்தை மருத்துவர் முழுவதும் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, “எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள்?” என்பது. கைக்குழந்தையின் தலை உடல் நீளத்தில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. கழுத்து முள்ளெலும்புகள் இன்னும் முழுமையாக எலும்பாகவில்லை, இடையிடையே குருத்தெலும்புதான். பின்பக்கம் பார்த்திருந்தால் மோதலின் விசை தலை, கழுத்து, முதுகு முழுவதிலும் பரவி இருக்கையின் ஓட்டில் இறங்கும். முன்பக்கம் பார்த்திருந்தால் உடலை வார் பிடித்துக்கொள்ளும், தலையைப் பிடிக்க எதுவுமில்லை. மூச்சுக்குழல் மிக ஒடுக்கம் என்பதால், தாடை நெஞ்சில் மடிந்தாலே அடைபடும். அதனால்தான் பச்சைக் குழந்தையின் இருக்கை நன்றாகச் சாய்ந்திருக்க வேண்டும், ஏறத்தாழ 45 பாகை. எங்கள் இருக்கை நிமிர்ந்து நின்றது.

அன்று இரவு ஷார்ஜாவில் இருக்கும் பெரியம்மா மகனை வீடியோவில் அழைத்தேன். இரண்டு பிள்ளைகளை அங்கே இப்படிப்பட்ட இருக்கைகளில் ஏற்றி வளர்த்தவர். இருக்கையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். அடிப்பகுதி பிளாஸ்டிக்கில் கடிகார முகம் போல ஒரு வட்ட அச்சு இருந்தது, நடுவில் ஆண்டு, சுற்றிலும் மாதங்கள், ஓர் அம்புக்குறி. அதில் 16 என்றிருந்தது. எட்டு ஆண்டுப் பழைய பிளாஸ்டிக். பல தயாரிப்பாளர்கள் ஆறு முதல் பத்து ஆண்டுகளைத்தான் ஆயுளாக வைக்கிறார்கள். வெயிலில் வேகும் காருக்குள் பிளாஸ்டிக்கும் வாரும் நலிந்துபோகும்.

பிறகு, வட்டத்துக்குள் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் கொண்ட ஆரஞ்சு நிறச் சான்று முத்திரையைத் தேடச் சொன்னார். ஐக்கிய நாடுகள் அவையின் ஆர்44, ஆர்129 என்ற விதிகளின்படி சோதிக்கப்பட்டதற்கு அதுதான் அடையாளம். நம் நாட்டுத் தரம் ஏ.ஐ.எஸ்.072. இரண்டில் எதுவும் அதில் இல்லை. பக்கவாட்டில் செவ்வகமாகப் பசைத் தடம் மட்டும் இருந்தது. வழக்கமாக அந்த இடத்தில்தான் பெல்ட் போகும் வழியைப் படமாக ஒட்டியிருப்பார்களாம்: பின்பக்கம் பார்க்கும்போது நீல நிற வழி, முன்பக்கத்துக்குச் சிவப்பு. முன்பக்கம் பார்ப்பது ஒன்பது கிலோவுக்கு மேல்தான் என்பதும் அதில் இருக்கும். ஒட்டியிருந்ததை யாரோ உரித்திருக்கிறார்கள். யாரிடமிருந்தோ திரும்பி வந்த, எப்படிப்பட்ட விபத்தைப் பார்த்தது என்றே தெரியாத இருக்கையை எங்களுக்குப் புதிது என்று விற்றிருக்கிறார்கள் என்பதுதான் என் முடிவு. ஒரு முறை மோதலில் சிக்கிய இருக்கை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மறுபடி பயன்படுத்தக் கூடாது.

கடைக்குத் திரும்பப் போனேன். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டினார்கள். நீங்கள் கேரளக்காரர், வழக்குப் போட வேண்டுமானால் கோயம்புத்தூருக்குத்தான் அலைய வேண்டும் என்றும் மேலாளர் சொன்னார். இரண்டும் தவறு. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்று. அதே சட்டத்தின்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். எல்லையில் வாழ்ந்து, ஒரு மாநிலத்தில் வாங்கி மறு மாநிலத்தில் பயன்படுத்தும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி. பலருக்கு இது தெரியவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன். பிறகு பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இணையவழியில் மனு. வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பில், இருக்கையின் அடிப்பகுதிப் படங்கள், பசைத் தடத்தின் படம், மருத்துவர் சீட்டு எல்லாம் சேர்த்தேன். கூலி கொடுத்த 500 ரூபாய்க்கு ஆதாரமில்லை. பொருத்துவதற்கு வாங்கும் பணத்தையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

இப்போது எங்களிடம் வேறோர் இருக்கை இருக்கிறது. 13 கிலோ வரைக்குமான, பின்பக்கம் மட்டுமே பார்க்கும் வகை. பாலக்காட்டில் மூன்று கடைகளில், பணம் கொடுக்கும் முன் காரில் வைத்துக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். இரண்டு கடையில் மறுத்தார்கள். மூன்றாவது கடையில் இருந்த இளம்பெண் நான்கு இருக்கைகளைப் பொறுமையாகத் தூக்கிவந்து வைத்துப் பார்த்தார், நான்காவதுக்குத்தான் பெல்ட் எட்டியது. கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நானே கட்டினேன். பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. பக்கிள் இருக்கையின் விளிம்பில் மடிந்து அழுந்தக் கூடாது. குழந்தையின் வார் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும், மாட்டிய பிறகு தோளருகே வாரை விரல்களால் கிள்ளிப் பிடிக்க முடியக் கூடாது. வாருக்கு அடியில் துண்டோ தடித்த ஸ்வெட்டரோ வேண்டாம், போர்த்துவதை மேலே போர்த்துங்கள். முன்னிருக்கையை நன்றாக முன்னே தள்ள வேண்டியிருக்கிறது, அதில் இனி யாரும் வசதியாக உட்கார முடியாது. மனைவி பின்னால் குழந்தையின் பக்கத்தில் உட்காருகிறாள். சின்னக் காரில் கொடுக்க வேண்டிய விலை அது.

ஆணையத்தின் அறிவிப்பு போன பிறகு, முதல் விசாரணைக்கு முன்பே கடையிலிருந்து அழைத்தார்கள். 7,200 ரூபாயைத் தந்துவிடுகிறோம், இருக்கையைக் கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்றார்கள். பணத்தைவிட அந்த இரண்டாவது வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்து அது யார் காரில் ஏறும்? சமாதானக் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: இருக்கையைப் பயன்படுத்த முடியாதபடி ஆக்கித்தான் தருவேன். ஒத்துக்கொண்டார்கள். கடையின் வாசலில், மேலாளரின் கண் முன்னே, தோள் வார்கள் இரண்டையும் கத்தரியால் வெட்டினேன். ஓட்டின் மேல் சிவப்புப் பெயின்ட்டால் ‘உதவாது’ என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். உள்ளே அதே மாதிரியில் இன்னும் ஓர் இருக்கை, பெட்டி இல்லாமல், அலமாரியின் மேல்தட்டில் இருந்தது.