நான்கு வருடம் உழைத்த பற்றரியும் ஒரு தகரத் துண்டும்

கல்முனையிலுள்ள நண்பர் ஒருவர், தம்முடைய பழைய ஒஸ்ரின் காருக்குப் பற்றரி மாற்ற வேண்டும், நீங்கள் போட்டது எப்படி என்று சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார். பேச்சில் சொல்லி முடியாத விடயம் என்பதால் எழுதுகிறேன்.

என் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனரில் போட்ட மூடிய வகைப் பற்றரி, கடலுக்கு அருகே கல்லடியில், கச்சான் காற்று அனலாய் வீசிய மாதங்களையும் கார் வெளியே போகாமல் கிடந்த மாரி நாட்களையும் தாண்டி, நான்கு வருடமும் இரண்டு மாதமும் உழைத்தது. அதற்கு முன் போட்டவை இரண்டு வருடத்தைக் காணவில்லை.

மைனரில் எஞ்சினோடு சுழன்று பற்றரிக்கு மின்சாரம் ஏற்றுவது டைனமோ; இந்த வகை டைனமோ, எஞ்சின் மெதுவாக ஓடும்போது சார்ஜ் கொடுக்காது. ஹெட்லைற்றுடன் நகருக்குள் சுற்றினால் பற்றரி இறங்கவே செய்யும். ஆகவே வாரத்தில் ஒரு நாள் களுவாஞ்சிகுடி வரை ஓட்டி வருவேன். மழையில் அதுவும் இயலாதபோது மீற்றர் வைத்துப் பார்த்து, 12.4 வோல்ற்றுக்குக் கீழே இறங்கியிருந்தால் அன்றிரவே சிறிய சார்ஜரில் போடுவேன்; குறைந்த சார்ஜில் கிடக்கும் பற்றரியின் தகடுகளில் ஈயச் சல்பேற்று இறுகிவிட்டால் பிறகு மீட்பது கடினம். முனைகளுக்கு வாசலின் பூசினால் உப்புக் காற்றுக்கும் தாங்கும்.

அதே வகைப் பற்றரியைத்தான் மறுபடியும் வாங்கினேன். மைனரில் நேர்முனையே பொடியில், அதாவது காரின் உலோக உடலில், பூட்டப்படும். நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள், கடைத் தம்பி இன்றைய கார்களின் வழக்கப்படி மறைமுனையைப் பொடியில் பூட்டிவிட்டார். நேர்முனைக் கிளிப் அகலமானது. மறைமுனையின் மெல்லிய கம்பத்தில் அது இறுகவில்லை என்பதால், உள்ளே ஒரு தகரத் துண்டைச் செருகி முறுக்கியிருந்தார். கார் ஸ்ரார்ட் ஆனது, விளக்குகளும் எரிந்தன. அணைய வேண்டிய சிவப்புச் சார்ஜ் விளக்கு மட்டும் எஞ்சின் வேகம் கூடக் கூடப் பிரகாசமாயிற்று. நான் நிறுத்துவதற்குள் கருகல் மணம் வந்துவிட்டது. முனை மாறியதால், டைனமோவையும் பற்றரியையும் இணைத்துப் பிரிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. வேறு பெட்டி கொழும்பிலிருந்து வந்து சேர மூன்று வாரம் சென்றது.

அந்தத் தம்பியை முழுவதும் குறை சொல்ல முடியாது. இத்தகைய கார் அவர் கைக்கு முன்னர் வந்திராது. ஆனால் தகரத்தைச் செருகும்போதாவது, இது ஏன் பொருந்தவில்லை என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பற்றரியில் ஒரு குறையும் இல்லை. இருந்தும் இதையே வாங்குங்கள் என்று எழுத இன்று மனம் இடங்கொடுக்கவில்லை. எதை வாங்கினாலும் கடையில் பூட்டவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் ஒஸ்ரினில் எந்த முனை பொடிக்குப் போகிறது என்பதை, பழையதைக் கழற்றுமுன் பார்த்துக் குறித்து வையுங்கள். பொடிக்குப் போகும் கம்பியை முதலில் கழற்றி, கடைசியில் பூட்ட வேண்டும். ஞாயிறு காலை என்றால் ஸ்பனரோடு நானே வருகிறேன்.