ரவுட்டர் மெமரி: உள்ளே போய்ப் பார்ப்பதா, கிராஃப் போடுவதா, டெலிமெட்ரியா?

சிங்கப்பூரில் ராத்திரி இரண்டு மணிக்கு எம்ஆர்டி ரயில் ஓடாது. யீஷூனிலிருந்து டாக்ஸி பிடித்து, ரவுட்டரில் நேரடியாகச் சொருகும் கன்சோல் கேபிளோடு துவாஸில் ஒரு கிடங்குக்குப் போய் இறங்கினேன். ரவுட்டரில் விளக்குகள் எரிந்தன, டேட்டா பாக்கெட்டும் போய்க்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து லாகின் செய்யும் எஸ்எஸ்எச்சில் மட்டும் யாரையும் உள்ளே விடவில்லை. கன்சோலைச் சொருகினால், மெமரி ஒதுக்க முடியவில்லை என்று வரிவரியாக ஓடுகிறது. ரீலோட் செய்தேன், சரியானது. சில வாரத்தில் திரும்பவும் அதே கதை.

அப்புறம்தான் மெமரியைக் கண்காணிக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எந்த நிறுவனத்துப் பெட்டி என்பது இங்கே முக்கியமில்லை; கட்டளைகளைப் பலருக்கும் பழகிய சிஸ்கோவிலிருந்து சொல்கிறேன்.

முதல் வழி, லாகின் செய்து பார்ப்பது. 'ஷோ பிராசஸஸ் மெமரி சார்ட்டட்' என்று அடித்தால், ரவுட்டருக்குள் ஓடும் எந்த பிராசஸ் (நிரல்) எவ்வளவு பிடித்துவைத்திருக்கிறது என்பது 'ஹோல்டிங்' என்ற பத்தியில் வரும். இன்று ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறிக்கொண்டே போவதுதான் ஆள். மெமரி எங்கே ஒழுகுகிறது என்று பிடிக்க இதை மிஞ்சிய வழி இல்லை. ஆனால் மெமரி தீர்ந்த நேரத்தில் லாகினே கிடைக்காது.

இரண்டாவது, எஸ்என்எம்பி: வெளியிலிருந்து ரவுட்டரிடம் நிலவரம் கேட்கும் நெறிமுறை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு லிப்ரெஎன்எம்எஸ், ஜாபிக்ஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருள்களில் கிராஃப் போடுவது. இங்கே பலரும் சதவீதத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். 80 சதவீதத்தில் வருடக்கணக்காக அசையாமல் நிற்கிற ரவுட்டரைப் பற்றிக் கவலை வேண்டாம். 45 சதவீதத்திலிருந்து வாரம் இரண்டு சதவீதம் ஏறுகிற ரவுட்டர்தான் ஆபத்து. காலி மெமரியோடு, ஒரே துண்டாகக் காலியாக உள்ள பெரிய இடம் எவ்வளவு என்பதையும் கிராஃபில் சேருங்கள். காலி நிறைய இருந்தும் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் ஒதுக்கீடு தோற்கும். ஒரு குழியும் உண்டு: பழைய மெமரி பூல் மிப் (எஸ்என்எம்பியில் கேட்கக்கூடிய எண்களின் பட்டியல்) 32 பிட் என்பதால் 4 ஜிபிக்கு மேல் எண் பொய் சொல்லும். 64 பிட் கொண்ட புதியதைக் கேளுங்கள்.

இதோடு 'மெமரி ஃப்ரீ லோ-வாட்டர்மார்க் பிராசஸர்' என்ற ஒற்றை வரியையும் போட்டுவிடுங்கள். காலி இடம் குறித்த அளவுக்குக் கீழே போனதும் ரவுட்டரே லாக் செய்தி அனுப்பும். செலவே இல்லை.

மூன்றாவது, டெலிமெட்ரி. நாம் கேட்காமலே ரவுட்டர் சில விநாடிக்கு ஒருமுறை தள்ளிக்கொண்டிருக்கும். முழு பிஜிபி டேபிள் (மொத்த இணையத்துக்குமான வழிப் பட்டியல்) வாங்குகிற பெரிய நெட்வொர்க்கில், ஒரு பியர் (அந்தப் பட்டியலைத் தரும் எதிர்முனை ரவுட்டர்) விழுந்து எழும்போது வரும் திடீர் ஏற்றத்தைப் பிடிக்க இது வேண்டும். வாரக்கணக்கில் ஏறும் ஒழுகலுக்காக கலெக்டர், டேட்டாபேஸ் என்று கட்டுவது வீண் வேலை. இருபது முப்பது கிளை ரவுட்டர் வைத்திருப்பவருக்கு எஸ்என்எம்பியும் வாட்டர்மார்க்கும் போதும் என்பேன்.

டீகேம் (ரூட்டுகளை வேகமாகத் தேடுவதற்கான தனி மெமரி) இவற்றில் சேராது, அதைத் தனியாகப் பாருங்கள். 2014 ஆகஸ்ட் 12 அன்று இணைய ரூட்டுகள் 512 ஆயிரத்தைத் தாண்டியபோது பல பழைய ரவுட்டர்களில் நிரம்பியது அதுதான். வழக்கமான மெமரியான டிராமின் கிராஃபில் அது தெரியாது.

துவாஸ் ரவுட்டரில் கிராஃப் ஏற்றத்தைக் காட்டியது, ஹோல்டிங் பத்தி பிராசஸைக் காட்டியது. மென்பொருளை மாற்றினோம். அன்றிலிருந்து அந்தக் கோடு படுத்தபடியே இருக்கிறது.