வைரஸுக்குத் துணை எது: கீமோவா, நோய் எதிர்ப்பு மருந்தா?

பெருங்குடலில் தொடங்கிப் பிற உறுப்புகளுக்குப் பரவிவிட்ட புற்றுநோயில், கட்டிச் செல்களுக்குள் புகுந்து பெருகி அவற்றை உடைக்கும் வைரஸைத் தனியாகக் கொடுப்பதைவிட, வேறு மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்ப்பதே இப்போதைய வழக்கம். அந்தத் துணை கீமோவாக இருக்கலாம். உடலின் தற்காப்பைத் தூண்டும் மருந்தாகவும் இருக்கலாம். இரண்டும் சோதிக்கப்பட்டுவிட்டன.

முதல் வழிக்குக் கனடாவில் நடந்த ஆய்வு சான்று. செல் பெருக்கத்தை இயக்கும் ராஸ் மரபணு பிறழ்ந்த செல்களில் எளிதாகப் பெருகும் ரியோவைரஸிலிருந்து உருவான பெலாரியோரெப்பை, ஃபோல்ஃபாக்ஸ் என்ற கீமோ கூட்டும், கட்டிக்கு இரத்த நாளங்கள் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப்பும் பெற்ற 103 பேரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் சேர்த்துக் கொடுத்துச் சோதித்தார்கள். வைரஸ் பெற்றவர்களில் 53 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. மற்றவர்களில் 35 சதவீதம்தான். இந்த எண்ணோடு நின்றிருந்தால் வெற்றி என்றே முழங்கியிருப்பார்கள். ஆனால் நோய் முற்றாமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு வைரஸ் அணியில் 7 மாதம், மற்ற அணியில் 9 மாதம். வைரஸ் சேர்ந்ததால் வழக்கமான மருந்துகளை உரிய அளவில் தொடர முடியாமல் போனதும் இதற்குக் காரணமாகலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இரண்டாம் வழியை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் முயன்றது. பெரியம்மைத் தடுப்பூசியில் பயன்பட்ட வாக்சினியா வைரஸை மாற்றியமைத்த பெக்சா-வெக்குடன், தற்காப்பைத் தூண்டும் மருந்தான துர்வாலுமாப்பையும், ஒரு பிரிவினருக்கு அதே வகையான ட்ரெமெலிமுமாப்பையும் சேர்த்து 34 பேருக்குக் கொடுத்தார்கள். இரு பிரிவிலும் நோய் சுமார் 2 மாதத்தில் முற்றியது. இவர்கள் ஏற்கெனவே பல மருந்துகளைக் கடந்து வந்தவர்கள் என்பதாலும், வைரஸ் இல்லாத ஒப்பீட்டு அணி இல்லாததாலும், இந்த 2 மாதத்தைக் கனடாவின் 7 மாதத்தோடு நேருக்கு நேர் வைப்பது நியாயமன்று.

எனினும் கருத்தளவில் எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. டிஎன்ஏ பிழை திருத்தும் திறன் இழந்த கட்டிகளில், வைரஸ் ஏதுமின்றி, தற்காப்பைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மட்டுமே 16.5 மாதம் நோயை அடக்கியதையும், கீமோ 8.2 மாதமே தாங்கியதையும் 2020இல் கண்டோம். ஆனால் பரவிய நிலையில் அத்தகைய கட்டி சுமார் 5 சதவீதத்தினருக்கே உண்டு. எஞ்சியோரின் கட்டிக்குள் தற்காப்புச் செல்களை அழைத்துவரும் வேலைக்குத்தான் வைரஸ் வேண்டும். கட்டியைச் சுருக்க ஃபோல்ஃபாக்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. தற்காப்புச் செல்களை அழைக்கும் வேலையையும், சிகிச்சை வரிசையின் கடைசியில் களைத்துப்போன உடலிடம் கேட்காமல், முன்னதாகவே, ஒப்பீட்டு அணியோடு சோதிக்க வேண்டும்.