செல் அலாரமா, வாட்ஸப்பா, ஆட்டோ மைக்கா, நர்ஸம்மாவா: நம்ம பக்கம் எது வேலைக்கு ஆகும்?

புயல்னா அது கடலூர்காரங்க, சென்னைக்காரங்க கவலைன்னு தான் தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் ரொம்ப நாளா நினைப்பு. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை ஏறுச்சு, சரி முடிஞ்சுதுன்னு டிவிய ஆஃப் பண்ணிட்டோம், அடுத்த ரெண்டு நாள்ல கடலே இல்லாத ஊத்தங்கரைல 24 மணி நேரத்துல சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டி, ஏரித் தண்ணி வெளிய வந்து ரோட்டோரம் நிறுத்தியிருந்த வண்டிங்களை உருட்டிட்டுப் போன வீடியோவ எல்லாரும் பாத்திருப்பீங்க. அதுக்கப்புறம் டீக்கடைல எங்க போனாலும் ஒரே பேச்சு, முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. சொல்லியிருக்கலாம், சரி, எது வழியா சொல்றது? அது தான் இங்க அலசப் போறேன்.

ஒரு விஷயத்த முதல்லயே பிரிச்சு வெச்சுக்கணும். வெள்ளத்துக்கு மூணு வேகம் இருக்கு. முதல் சில மணி நேரம் உயிர் தப்பிக்கிறது. அடுத்த ரெண்டு மூணு நாள், குடிதண்ணில சாக்கடை கலந்து வாந்தி பேதி. அப்புறம் ஒண்ணு ரெண்டு வாரத்துல எலிக்காய்ச்சல், அதைத் தொட்டாப்ல டெங்கு, ஏன்னா ஏடிஸ் கொசு தேங்குன நல்ல தண்ணில முட்டை போட்டா ஒரு வாரம் பத்து நாள்ல பறக்க ஆரம்பிச்சுடும். இந்த மூணுக்கும் ஒரே வழியில தகவல் சொல்றது நடக்காத காரியம், ஆனா நம்ம ஆளுங்க பெரும்பாலும் அதத்தான் செய்றாங்க.

செல் அலாரத்துல ஆரம்பிக்கிறேன். 2023 அக்டோபர் 20ல தமிழ்நாடு பூரா எல்லார் போனும் ஒரே நேரத்துல அலறுச்சே, அது தான். இது எஸ்எம்எஸ் கிடையாது. எஸ்எம்எஸ்னா ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியா போகணும், ஆயிரக்கணக்குல போறப்ப வரிசைல நின்னு மெதுவா வரும், சில சமயம் வெள்ளம் வடிஞ்சப்புறம் வரும். இது டவர்லேருந்து ஒரேயடியா பரப்பி விடுறது, அந்த டவர் வட்டத்துல எந்த நம்பர் இருக்குன்னு தெரியவே தேவையில்ல, லைன் நெரிசலா இருந்தாலும் வந்துடும், வெளியூர்லேருந்து ஒகேனக்கல் பாக்க வந்தவர் போனுக்கும் சேர்த்து. கர்நாடகால தண்ணி திறந்து, காவிரி தமிழ்நாட்டுக்குள்ள வர்ற பிலிகுண்டுலுல வரத்து ஏறுதுன்னா பரிசல் துறைல நிக்கிற டூரிஸ்டுக்கு இதவிட வேகமா சொல்ல வேற ஒண்ணும் கிடையாது. வேகத்துல இதுக்கு நூத்துக்கு நூறு குடுக்கலாம்.

ஆனா ஓட்டை எங்கன்னா, டவர் இருந்தா தான். சித்தேரி மலைலயும் அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கமும் சிக்னலுக்கு எந்தப் பாறை மேல ஏறணும்னு ஊர்க்காரங்களுக்குத் தான் தெரியும். மழைல கரண்ட் போயி டவர் பேட்டரியும் தீந்துட்டா டவுன்லயே அதே கதை தான். இன்னொண்ணு பாஷை. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் வீட்ல கன்னடமும் தெலுங்கும், ஓசூர் சிப்காட்ல ரூம் எடுத்து பத்து பேரா தங்கியிருக்கிற பசங்க பேசுறது இந்தி, ஒடியா. தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் மட்டும் மெசேஜ் வந்தா அவங்களுக்கு அது வெறும் சத்தம். அப்புறம், அலாரம் கிட்ட திருப்பி ஒரு கேள்வி கேக்க முடியாது. இது தான் பெரிய குறை, இதுக்கு அப்புறம் வரேன்.

வாட்ஸப். ஊர் குரூப் இல்லாத ஊரே இல்ல இப்ப. போட்டோ போகும், வாய்ஸ் நோட் போகும், படிக்கத் தெரியாத ஆயாவுக்கும் பேரன் போட்டுக் காட்டிடுவான், சந்தேகம்னா அங்கயே கேட்டுக்கலாம். பொய்யும் அதே வேகத்துல தான் போகும். 2020 தொடக்கத்துல கோழிக்கறி சாப்பிட்டா கொரோனா வரும்னு ஒரு ஃபார்வேர்டு நாடு பூரா சுத்தி கோழி விலை தரைக்கு வந்துச்சு, பண்ணை வெச்சிருந்தவங்க பட்ட பாடு கொஞ்சமில்ல. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி கோழிக்கோட்ல நிபா வந்தப்பவும் இதே கோழி வதந்தி தான். பல தடவை கை மாறுன மெசேஜ ஒரு சமயத்துல ஒரு ஆளுக்கோ ஒரு குரூப்புக்கோ மட்டும் தான் அனுப்ப முடியும்னு கம்பெனிக்காரன் 2020 ஏப்ரல்ல கட்டுப்பாடு போட்டான், அது ஓரளவுக்கு தான். என்னக் கேட்டா பொய்யக் கூட சமாளிச்சுடலாம், பழைய உண்மை தான் ஆபத்து. தேதி இல்லாம "டேம் திறந்தாச்சு, ஆத்தோரம் போகாதீங்க"ன்னு போன வருஷ மெசேஜ் இந்த வருஷமும் சுத்தும், ரெண்டு தடவை அப்படி ஏமாந்தா மூணாவது தடவை நிஜமா தண்ணி வர்றப்ப எவனும் எந்திரிக்க மாட்டான். எங்க குரூப்ல தேதி, நேரம், யார் சொன்னாங்க, இந்த மூணும் இல்லாத எச்சரிக்கை வந்தா அட்மின் தூக்கிடணும்னு நான் கத்திட்டே இருக்கேன், குட்மார்னிங் போட்டோவத் தூக்குனா தான் இங்க சண்டை வருது.

ஆட்டோ மைக் பத்தி அதிகம் சொல்றதுக்கில்ல. முன்னாடி தண்டோரா, 2022 ஆகஸ்ட்ல அப்ப தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு அதை நிறுத்தச் சொல்லி கலெக்டர்களுக்கு எழுதினார், வண்டில ஸ்பீக்கர் கட்டிச் சொல்லுங்கன்னு. நல்ல முடிவு, ஒரு சமூகத்து ஆளுங்க தலைல தான் அந்த வேலை கட்டியிருந்துச்சு. போன் இல்லாத பெரியவங்களுக்கு இன்னைக்கும் மைக் தான் கதி, கிருஷ்ணகிரி கேஆர்பி டேம் திறக்குறப்ப தென்பெண்ணை ஓரத்து ஊருங்களுக்கு வண்டி போறது சரி தான். ஆனா "பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு"ன்னு காதுல விழறதுக்குள்ள ஆட்டோ அடுத்த தெருவுக்குப் போயிடும், தோட்டத்துல தனி வீடு கட்டி இருக்கிறவங்களுக்கு அதுவும் எட்டாது.

நாலாவது, நர்ஸம்மா. பிஎச்சி, அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவோட மக்களைத் தேடி மருத்துவம் அக்காங்களையும் சேர்த்துக்கலாம். அந்தத் திட்டத்த 2021 ஆகஸ்ட் 5ல அப்ப முதல்வரா இருந்த ஸ்டாலின் தொடங்கினதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில தான். சுகர் மாத்திரை குடுக்கப் போற அக்காவுக்கு எந்த வீட்ல யாருக்கு காய்ச்சல், எந்த வீட்டுத் தொட்டி மூடாம கிடக்குதுன்னு கண்ணால தெரியும், எந்த ஆப்பும் இதச் சொல்லாது. மகளிர் குழுவும் நமக்குப் புதுசில்ல, தமிழ்நாட்லயே 1989ல முதல்ல ஆரம்பிச்சது அப்ப ஒண்ணா இருந்த தர்மபுரி மாவட்டத்துல தான். நர்ஸம்மாகிட்ட குறை வேகம் தான், ராத்திரி ரெண்டு மணிக்கு வீடு வீடா போகச் சொல்ல முடியாது, ஏற்கனவே அவங்க தலைல பத்து ரிஜிஸ்டர் வேற.

இப்ப அந்த திருப்பிக் கேக்குற விஷயம். அமெரிக்கால டென்னிஸ் மிலெட்டின்னு ஒரு சமூகவியல் ஆராய்ச்சியாளர், பேரிடர் எச்சரிக்கை பத்தியே வாழ்நாள் பூரா ஆராய்ச்சி பண்ணவர். அவரும் கூட இருந்தவங்களும் திரும்பத் திரும்பப் பாத்தது என்னன்னா, எச்சரிக்கை கேட்ட உடனே யாரும் ஓடறதில்ல, முதல்ல பக்கத்து வீட்ல கேப்பாங்க, போன் போடுவாங்க, வாசல்ல வந்து எட்டிப் பாப்பாங்க, நிஜம்னு ஒரு தெரிஞ்ச வாய் சொன்னா தான் மாட்டை அவுப்பாங்க. நம்ம ஊர் ஜனம் மட்டும் அலட்சியம்னு அதிகாரிங்க திட்றாங்களே, உலகம் பூரா ஜனம் இப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2017ல எழுதின ஆபத்து கால தகவல் வழிகாட்டிலயும் நம்பிக்கை தான் முதல்ல வருது, தெரியாதத தெரியாதுன்னே சொல்லிடு, ஒரே வழியை நம்பாதன்னும் இருக்கு.

அதனால என் கேள்வியே வேற. எதுல சொல்றோம்ங்கிறத விட, அலாரம் அடிச்சதும் ஜனம் யார்கிட்ட கேப்பாங்க? எங்க பக்கம்னா நர்ஸம்மா, தண்ணி டேங்க் ஆபரேட்டர், பால் சொசைட்டி செக்ரட்டரி, ரேஷன் கடைக்காரர். இவங்களுக்கு அலாரத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். இவங்களும் நம்மள மாதிரியே அலாரம் கேட்டு முழிச்சாங்கன்னா "அப்படி ஒண்ணும் எனக்கு சொல்லலியே"ன்னு ஒரு வார்த்தை வரும், அங்கயே எச்சரிக்கை செத்துடும். நாலு வழியும் ஒண்ணுக்கொண்ணு போட்டின்னு பாக்குறதே அதனால எனக்கு ஒப்பல.

போட்டி வெச்சே ஆகணும்னா இப்படி சொல்வேன். மணிக்கணக்கு ஆபத்துக்கு செல் அலாரம், கூடவே மைக். ரெண்டு மூணு நாள் விஷயத்துக்கு, தண்ணி கொதிக்க வெச்சு குடிக்கணும், பேதின்னா ஒரு பாக்கெட் ஓஆர்எஸ்ஸ ஒரு லிட்டர் தண்ணில கலக்கணும், இதுக்கு நர்ஸம்மா வாய்ஸ் நோட்ட வாட்ஸப்ல விடறது, தெரிஞ்ச குரல்னா தனி மதிப்பு. டெங்குக்கு நர்ஸம்மா, கொசுப்புழு பாக்க வர்ற டிபிசி ஆளுங்க, வேற எதுவும் கிட்ட வராது, அலாரம் அடிச்சு எவனும் தொட்டி கழுவினதா சரித்திரம் இல்ல.

எதுல சொன்னாலும் வாசகம் சரியில்லன்னா வீண். "பொதுமக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்"னு ஒரு வரி வருது பாருங்க, அத வெச்சு என்ன பண்றது? பயம் மட்டும் காட்டி கைல ஒரு வேலை குடுக்கலன்னா ஆளுங்க காதை மூடிக்குவாங்கன்னு கிம் விட்டி (Kim Witte)ங்கிற தகவல் தொடர்பு ஆராய்ச்சியாளர் 1992லயே எழுதிட்டாங்க. "ராத்திரி எட்டுக்குள்ள ஆத்தோரத் தெரு காலி பண்ணுங்க, மாட்டை அவுத்து விடுங்க, ஹைஸ்கூலுக்கு வாங்க, சந்தேகம்னா 1077க்கு அடிங்க"ன்னு இருந்தா அது எச்சரிக்கை.

நம்ம பக்கம் நிலத்தடி தண்ணில இருக்கிற ஃப்ளோரைடு பத்தி கேக்காதீங்க, அது தனிக் கதை. பல்லு காவியேறி முட்டி வளைஞ்சு பல வருஷமா மெதுவா வந்த ஆபத்து, எந்த அலாரத்துக்கும் சிக்காதது, அதுக்கு 2013ல ஒகேனக்கல் குடிநீர் வந்து தான் ஒரு வழி பொறந்துச்சு.

இதுல நாலுமே கைவிடுற இடம் ஒண்ணு இருக்கு, மலை கிராமத்துல ராத்திரி. டவர் இல்ல, ஆட்டோ ஏறாது, நர்ஸம்மா கீழ. அங்க ஃபாரஸ்ட்காரங்க வயர்லெஸ் தான் மிச்சம், ஊர்ல ஒரு ஆளு கைல ஒரு பேட்டரி மைக் குடுத்து, ஃபாரஸ்ட் ஸ்டேஷன்லேருந்து அவர எப்படிப் பிடிக்கிறதுன்னு மழைக்காலத்துக்கு முன்னாடியே பேசி வெச்சுட்டா பஞ்சாயத்துக்கு ஆகுற செலவு சில ஆயிரம் ரூபா தான்.